9 மில்லிமீட்டர் குறைந்தால்

மேசைமேல், கிட்டார்த் தந்தியின் அசைவை மின் சைகையாக்கும் பிக்கப்கள் இரண்டு அருகருகே கிடந்தன. இரண்டுக்கும் நிக்கல் பூசிய மூடி, ஒரு பக்கமாக வரிசையாய் ஆறு திருகுத் தலைகள். ஒன்று வழக்கமான ஹம்பக்கர். அகலம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். மற்றது மினி ஹம்பக்கர். அகலம் 29 இருக்கும். நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இந்த 9 மில்லிமீட்டர் குறைவு எலெக்ட்ரிக் கிட்டாரின் குரலை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கவும் கேட்கவும்தான் மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகருக்குப் போயிருந்தேன்.

பிக்கப் சுற்றுகிறவர்கள் இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டும் பிறந்த ஊர் இது. பார்சன்ஸ் தெரு 225ஆம் எண்ணில் 1917இல் எழுந்த செங்கல் ஆலையில்தான் கிப்ஸன் நிறுவனம் 1984 வரை கிட்டார் செய்தது. அங்கே பொறியாளராக இருந்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கர் என்னும் இரட்டைக் காயில் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. கிப்ஸன் ஊரைவிட்டுப் போனபோது கூடப் போக விரும்பாத பழைய ஊழியர்கள் சிலர், 1985இல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் மறுபடி கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஆலையில் கிட்டார் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களைப் பற்றி நெடுங்காலம் யாரும் பேசவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நான் பார்க்கப் போனவரும் ஒரு பெண்மணி. அறுபதைத் தாண்டியவர். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையே பட்டறை. உதவிக்கு ஓர் இளைஞர் இருக்கிறார். பழைய பிக்கப்களைப் பிரித்துச் சுற்றித் தருவதும், புதிதாகச் செய்து தருவதும் அவர்கள் வேலை.

செம்புக் கம்பியின் நுனியை என் விரலில் வைத்தார். 42ஆம் கேஜ் கம்பி. எனாமல் பூச்சு இல்லாமல் 0.063 மில்லிமீட்டர் தடிமன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது. கம்பி சுற்றும் சட்டமான பாபினை மோட்டாரில் மாட்டி, கம்பியை வலக்கை விரல்கள் இரண்டுக்கு நடுவில் விட்டு, காலால் வேகத்தைக் கூட்டினார். கை இடமும் வலமும் அசைந்துகொண்டே இருந்தது. இழுப்பு கூடினால் கம்பி அறுந்துவிடும். குறைந்தால் சுற்று தளர்ந்து, பின்னால் ஆம்பில் போட்டுச் சத்தத்தை ஏற்றும்போது கீச்சென்று கத்தும். வழக்கமான ஹம்பக்கரில் ஒவ்வொரு காயிலிலும் சுமார் 5,000 சுற்று. மினியில் அவ்வளவு இடமில்லை. பாபின் ஒடுக்கம், சுவர் நெருக்கம். கடைசிச் சில நூறு சுற்றுகளில் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். உதவியாளரும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுகளை எண்ணும் கவுண்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மினி சுற்றும்போது விரலுக்கு நகர இடமே இல்லை. பெரியதில் ஒரு சுற்று தப்பிப் படிந்தால் அடுத்தது மூடிக்கொள்ளும். இதில் ஓரத்தில் ஒரு மேடு வந்தால் மூடி உட்காராது" என்றார்.

இரண்டு காயில் எதற்கு என்று அறியாதவர்களுக்காக: ஒற்றைக் காயில் பிக்கப் தந்தியின் அசைவை மட்டும் பிடிப்பதில்லை, அறையில் ஓடும் மின்சாரத்தின் முனகலையும் சேர்த்துப் பிடிக்கும். பக்கத்தில் இன்னொரு காயிலை, காந்த முனையையும் மின்னோட்டத் திசையையும் மாற்றி வைத்தால், முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி கூடி நிற்கும். மினியிலும் இதே ஏற்பாடுதான். உள்ளுறுப்புகளில் மட்டும் மாற்றம். வழக்கமான ஹம்பக்கரில் ஒரு காயிலுக்கு ஆறு திருகு, மற்றதற்கு ஆறு இரும்புத் துண்டு. மினியில் அந்த இரண்டாவது காயிலுக்குள் நீளவாக்கில் ஒரே இரும்புப் பட்டை. அடியில் அல்னிகோ காந்தம். 1963இல் கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிக் வரைந்து கொடுத்த ஃபயர்பேர்டு கிட்டாரின் பிக்கப்பும் இதே அளவு என்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்கிறார்கள். அதில் திருகே கிடையாது. ஒவ்வொரு காயிலுக்குள்ளும் ஒரு காந்தப் பட்டையே நிற்கிறது. குரலும் இன்னும் கூர்மை.

அளவு சுருங்கும்போது குரலில் நடப்பது என்ன? நான் போன காரியமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, சுற்றும் இரும்பும் குறைவதால் காயிலின் இண்டக்டன்ஸ் குறைகிறது. ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஓர் ஒத்ததிர்வு உச்சம் உண்டு. அதற்கு மேலே உள்ள ஒலிகள் வேகமாக மங்கிவிடும். இண்டக்டன்ஸ் இறங்கினால் அந்த உச்சம் மேலே ஏறும். ஆறு தந்திகளிலும் ட்ரெபிள் திறந்து வருவதற்கு இது காரணம். வெளிவரும் வலு சற்றுக் குறையும். ஆம்ப் அவ்வளவு சீக்கிரம் கரகரக்காது.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பிடித்தது. இரண்டு காயில்களும் தந்தியை இரண்டு இடங்களில் நின்று கேட்கின்றன. பெரிய ஹம்பக்கரில் அந்த இடைவெளி சுமார் 18 மில்லிமீட்டர். தந்தியில் ஓடும் ஏதோ ஓர் உபசுரத்தின் அரை அலை சரியாக 18 மில்லிமீட்டராக இருந்தால், ஒரு காயிலின் மேல் தந்தி ஏறும் நொடியில் மற்றதன்மேல் இறங்கும். அந்த உபசுரம் அப்படியே காணாமல் போகும். கிப்ஸன் அளவுக் கிட்டாரில் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தடித்த ஈ தந்திக்குக் கணக்குப் போட்டால், அந்தப் பள்ளம் 2,900 ஹெர்ட்ஸை ஒட்டி விழுகிறது. இடைவெளியை 12 மில்லிமீட்டராக்கினால் பள்ளம் 4,300க்கு நகர்கிறது. கிட்டார் ஸ்பீக்கர்கள் 5,000க்கு மேல் அதிகம் பேசுவதில்லை என்பதால், தடித்த தந்தியின் கடியும் துலக்கமும் குடியிருக்கும் இடம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மெல்லிய ஈ தந்தியிலோ அந்தப் பள்ளம் 11,000க்கும் மேலே போவதால், இந்தக் காரணம் அங்கே எடுபடாது. ஆக மினி ஹம்பக்கரின் தெளிவு தடித்த தந்திகளில்தான் முதலில் காதில் விழ வேண்டும்.

அங்கே வாசித்துக் கேட்டபோது அப்படித்தான் இருந்தது. உதவியாளர் ஒரே ஆம்பில், குமிழ்களைத் தொடாமல், ஒரே மாதிரியான இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி வாசித்தார். பெரிய ஹம்பக்கரின் நெக் பக்கக் குரல் கனிந்த, அடர்ந்த குரல். மூன்று தடித்த தந்திகளைச் சேர்த்து மீட்டினால் சுரங்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. மினியில் அதே கார்டு வாசித்தபோது ஒவ்வொரு சுரமும் தனித்து எழுந்தது, முனகல் துளியும் இல்லாமல். பேஸ் குறைந்தது உண்மை. ஆனால் மிஞ்சிய பேஸ் இறுக்கமாக, வேகமாக வந்தது. பிரிட்ஜ் பக்கம் தனியாக நீண்ட சுரம் வாசிக்கையில் பெரியதன் சதைப்பற்று எனக்கு வேண்டியிருந்தது. நெக் பக்கம் மினியே போதும், மினியே வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

பலர் மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து இந்தப் பிக்கப்களை எடைபோடுகிறார்கள். பெரியது 8 கிலோ ஓம், சின்னது 6.5, அதனால் சின்னது பலவீனம் என்று. அந்தப் பெண்மணிக்கு இந்தப் பேச்சில் உண்மையான வருத்தம். "ஒடுங்கிய பாபினில் ஒரு சுற்றுக்கே கம்பி குறைவாகத்தான் செல்லும். சுற்று எத்தனை என்று கேளுங்கள், கேஜ் என்ன என்று கேளுங்கள். ஓம் மட்டும் தெரிந்து என்ன செய்வீர்கள்?"

அவருடைய வருத்தத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கிப்ஸனின் தாய் நிறுவனம் 1957இல் எபிஃபோன் என்ற கிட்டார் நிறுவனத்தை வாங்கியது. எபிஃபோன் கிட்டார்களுக்குத் தனிக்குரல் வேண்டும் என்றுதான் 1960களின் தொடக்கத்தில் மினி வந்தது. 1969இல் வந்த கிப்ஸனின் லெஸ் பால் டீலக்ஸ் கிட்டாருக்கு அந்த எபிஃபோன் மினிகளையே எடுத்துப் போட்டார்கள். மரத்தில் வெட்டியிருந்ததோ பி-90 என்னும் ஒற்றைக் காயில் பிக்கப்புக்கான குழி. பி-90இன் மூடியில் நடுவே ஒரு ஜன்னல் வெட்டி, அதற்குள் மினியைப் பொருத்தினார்கள். புதிதாகக் குழி வெட்டத் தேவையில்லாத ஏற்பாடு. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1970களில் எண் ஒட்டிய டீலக்ஸ்களை மேடையில் வரிசையாக வைத்து வாசித்தார். தின் லிஸ்ஸி குழுவின் ஸ்காட் கோர்ஹாம் கையிலும் டீலக்ஸ் இருந்தது.

இருந்தும் அந்த ஆண்டுகளில் நிறையப் பேர் குழியை உளியாலும் ரௌட்டராலும் அகலப்படுத்திப் பெரிய ஹம்பக்கரைப் போட்டுக்கொண்டார்கள். டவுன்ஷெண்டே சிலவற்றில் நடுவே மூன்றாவதாக ஒரு பெரிய பிக்கப்பைச் சேர்த்தார். மேடையில் அவருக்கு அது தேவைப்பட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு டீலக்ஸின் குழியில் விரலை விட்டுப் பார்த்தபோது மனம் கசந்தது. மேப்பிள் பலகையில் ஓரங்கள் பிசிறிக் கிடந்தன. வெட்டிய மரம் திரும்பி வராது.

அந்தக் கிட்டாரின் இப்போதைய சொந்தக்காரர் பழைய குரலைக் கேட்டு வந்திருக்கிறார். மரத்தை ஒட்டுப்போட்டு நிரப்ப அந்தப் பெண்மணிக்கு விருப்பமில்லை. பெரிய ஹம்பக்கரின் அடித்தகட்டையும் மூடியையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே மினியின் ஒடுங்கிய காயில்களை நெருக்கி உட்காரவைக்கிறார். வெளியே பார்க்கப் பெரியது. தந்தியைக் கேட்கும் இடைவெளி சின்னது. மூடிக்கு நிக்கல் சில்வர்தான் வேண்டும் என்கிறார். பித்தளையானால் சுழல் மின்னோட்டம் அதிகமாகி, கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த ட்ரெபிளை விழுங்கிவிடும். பாரஃபினும் தேன்மெழுகும் உருகிய பாத்திரத்தில் காயில்களை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருந்தார்.

அதற்குள் தொலைபேசி வந்தது. டீலக்ஸ் வைத்திருக்கும் இன்னொருவர். வலு போதவில்லை, குழியை அகலப்படுத்த எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அந்தப் பெண்மணி விலை சொல்லவில்லை. முதலில் பிக்கப்பை அரைத் திருகு, ஒரு திருகு என்று தந்திப் பக்கம் ஏற்றிப் பாருங்கள், ஆம்பில் மிட்ரேஞ்சைக் கூட்டுங்கள் என்றார். அதிலும் திருப்தி இல்லையென்றால் பிக்கப்பை மட்டும் கழற்றி அனுப்புங்கள், 43ஆம் கேஜில் இன்னும் கொஞ்சம் சுற்று ஏற்றித் தருகிறேன், கிட்டார் உங்களிடமே இருக்கட்டும் என்றார்.