பூஞ்சை வரும் வழியிலேயே மருந்தும்

அறுவடை சமயத்தில் துவாக்குடி தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் போனால், முன்னால் ஒரு வைக்கோல் லாரி கட்டாயம் ஊர்ந்துகொண்டிருக்கும். மூஞ்சியில் அடிக்கும் அந்தத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளும் உண்டு. ஒன்று 2, 3 மைக்ரான்தான். இவற்றை எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் உள்ளே இழுக்கிறார்கள். உடம்பு சத்தமில்லாமல் தீர்த்துக்கட்டிவிடுகிறது.

நுரையீரல் மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவருக்கோ இது உயிர்ப் பிரச்சினை. வைக்கோல் போர், எருக்குழி, வீடு இடிக்கும் இடம் பக்கமெல்லாம் போகக்கூடாது என்பார்கள். மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டே வளர்ந்த டெல்டாக்காரர் என்ன செய்வார்?

2020 ஆகஸ்டில் சென்னை எம்.ஜி.எம். ஹெல்த்கேரில், கொரோனாவில் நுரையீரல் கெட்டுப்போன 48 வயதுக்காரருக்கு இரண்டையும் மாற்றியது பேப்பரில் எல்லாம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வருடக்கணக்கில் நடக்கும் போராட்டம் அந்த அளவுக்குச் செய்தியாவதில்லை.

மாற்றுக் கிட்னி உடம்புக்குள் மூடிய இடத்தில் இருக்கிறது. நுரையீரலோ மூச்சுக்கு மூச்சு தெருக்காற்றை வாங்குகிறது. நரம்பு அறுபட்டதால் இருமலும் ஒழுங்காக வராது. மூச்சுக்குழாயைத் தைத்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, பூஞ்சை உட்கார அது போதும். போதாததற்கு, உடம்பு புது உறுப்பைத் தள்ளிவிடாமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கின்றன.

பூஞ்சையைக் கொல்ல ஆம்போடெரிசின் பி இருக்கிறது. 1950களில், வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. (2021-ல் கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஊர் ஊராகத் தேடி அலைந்தது இதைத்தான்.) ஊசியில் ஏற்றினால் கிட்னியைப் பதம் பார்க்கும். டாக்ரோலிமஸும் கிட்னியைத்தான் தாக்கும்! சரி, வோரிகோனசோல் மாத்திரை? அது டாக்ரோலிமஸ் உடம்பில் கழிவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். மாத்திரையை நிறுத்தினால் அளவு இறங்கி, உடம்பு புது நுரையீரலைத் தள்ளும் அபாயம்.

அதனால்தான் நெபுலைசர். ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருக்கிற மாதிரியான மெஷின்தான். மருந்து 1 முதல் 5 மைக்ரான் துளியாகி, வித்து போகும் அதே வழியில், ஏறக்குறைய அதே சைஸில் உள்ளே போகிறது. ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, கிட்னி தப்பிக்கிறது. அருமையான யோசனை.

ஆனால் தொல்லையும் உண்டு. இருமல், மூச்சு இறுக்கம், வாயில் ஒரு கெட்ட ருசி. லிப்போசோமல் வகை கொஞ்சம் தேவலை. நெபுலைசர் என்றாலே சலைன் என்று பழகியவர்கள் கவனிக்க வேண்டியது, இதைச் சலைனில் கலந்தால் திரிந்துவிடும். ஊசி மருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர்தான் வேண்டும்.

ஒரு நுரையீரல் மட்டும் மாற்றியவருக்கு வேறு சிக்கல். நன்றாக மூச்சு வாங்கும் புதியதற்கே மருந்தில் பெரும்பங்கு போய்விடும். பூஞ்சை ஏற்கெனவே குடியிருக்கக்கூடிய பழையதற்குக் கொஞ்சம்தான். நுரையீரலைத் தாண்டிப் பரவிய பூஞ்சையையும் இந்தப் புகை எட்டாது. எனவே எல்லா மருத்துவமனையிலும் ஒரே முறை கிடையாது. சிலர் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், சிலர் சளியில் பூஞ்சை தெரிந்தால் மட்டும், சிலர் மாத்திரையோடு சேர்த்து.