குணமான பின்

நோர்வூட், பெப்ரவரி 12, புதன்

சிறுபிராயத்தில் இரத்தப் புற்றுநோய் கண்டு, மஹரகம வைத்தியசாலையில் நெடுங்காலம் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த மேற்பிரிவு லயத்துச் சிறுமி, இன்று மாலை வகுப்பில் ஏழையும் எட்டையும் பெருக்கச் சொன்னபோது, பென்சிலை உருட்டிக்கொண்டே மௌனமாயிருந்து, மற்றப் பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போன பின், "ஐம்பத்தாறு, சார்" என்றாள். பாடசாலையில் அவளுக்கு மந்தமென்று பெயர். தகப்பனோ, "ஒடம்பு நல்லாயிருச்சு சார், படிக்கத்தான் சோம்பல்" என்கிறார்.

பெப்ரவரி 14, வெள்ளி

சோம்பல் என்ற அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. சாதாரண மருந்துகள் எளிதிற் சென்றெட்டாத மூளைநீரிலே இரத்தப் புற்றுநோயின் அணுக்கள் பதுங்கியிருந்து மீண்டும் தலைதூக்குவதைக் கண்ட டொனால்ட் பிங்கல் என்ற வைத்தியர், 1960களில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே பிள்ளைகளின் தலைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் சேர்த்தளிக்க, அநேகமாக மரணமே முடிவென்றிருந்த வியாதியிலிருந்து ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் பிழைத்தனர். பிழைத்தவர்களிற் பலருக்கு, அதிலும் மிக இளவயதிற் கதிர்பட்டவர்களுக்கு, வருஷங்கள் சென்ற பின்னரே கவனமும் ஞாபகசக்தியும் கிரகிக்கும் வேகமும் குன்றியமை புலப்பட்டது. பிற்காலத்திற் கதிரின் அளவைக் குறைத்து, பெரும்பாலானோருக்கு அதை அறவே நீக்கி, முதுகுத்தண்டு வழியே மெதோட்ரெக்சேட் செலுத்தலாயினர். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர் சென்னையில் வைத்தியம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். நம்மவரில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பார்களோ! கதிரைக் குறைத்ததால் பாதிப்பு தணிந்ததேயன்றி முற்றாக அகலவில்லை: சிகிச்சையால் நரம்பிழைகளைப் போர்த்திய வெண்ணிற உறை பழுதுபட்டால் செய்தி தாமதித்தே போய்ச் சேரும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

லயத்துப் படிகளில் அவள் இறங்குவதைப் பார்த்தேன். வலக்கால் நுனி சற்றே தொங்க, ஒவ்வொரு படியிலும் முழங்காலை உயர்த்தியே வைக்கிறாள். இந்நோய்க்குக் கொடுக்கும், பட்டிப்பூச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து, நோயணுக்கள் பெருகாமல் தடுப்பதோடு கால் நரம்புகளையும் நலிவிக்கும். பலருக்கு அது காலக்கிரமத்தில் தேறிவிடும், சிலருக்கு மிச்சமிருக்கும்.

பரீட்சையில் இவளுக்கு மேலதிக நேரம் கேட்க வேண்டுமென்றும், அதற்கு வைத்தியரின் கடிதம் துணையாகுமென்றும் தகப்பனிடம் விளக்கினேன். நோய்க்குக் கணக்கு வைக்கும் ஆஸ்பத்திரியும் புள்ளிக்குக் கணக்கு வைக்கும் பாடசாலையும் ஒன்றோடொன்று பேசாதிருக்க, நடுவில் அலைய வேண்டியவர் நாட்சம்பளத் தொழிலாளி. நெடுநேரம் யோசித்தவர், "அடுத்த கிளினிக்குக்குப் போறப்ப கேக்குறேன் சார். என்னா கேக்கணும்னு சிங்களத்துல எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.