யாருக்கு என்ன தேவை?

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் குண்டுச் சத்தமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தச் சத்தங்களை உண்மையாகவே கேட்டு வாழ்ந்தவர்களுக்குப் பிள்ளைகள் அதை விளையாடுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. ஆனால், ஊரைக் கட்டி எழுப்புகின்ற விளையாட்டுக்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதன் பெயர் ‘அன்னோ 1404’. ஜேர்மனியில் உருவாக்கப்பட்டது. புதிய கணினிகளுக்கு ஏற்றவாறு 2020ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிடப்பட்டது. சாதாரண தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கின்ற அக்காவின் மகன் அதை விளையாடுவான். மாலையில் வேலை முடிந்து வந்ததும், “சின்னம்மா, என்ர சனம் மீன் இல்லையெண்டு கத்துது” என்பான். அப்படித்தான் எனக்கும் அதில் ஈடுபாடு வந்தது.

ஐரோப்பாவின் மத்திய காலம். ஆளில்லாத தீவொன்றில் கப்பல் வந்து நிற்கிறது. பண்டகசாலை, சந்தை, சில குடிசைகள் என்று நீங்கள் கட்டிக்கொண்டு போகவேண்டும். குடியேறுகின்றவர்கள் முதலில் விவசாயிகள். ஒரு வீட்டில் எட்டுப் பேர். அவர்களுக்கு மீன் வேண்டும், நாலு பேர் கூடிக் கதைக்க ஒரு சந்தை வேண்டும், வழிபட ஒரு சிற்றாலயம் வேண்டும், குடிக்க அப்பிள் மது வேண்டும். இவை கிடைத்து, வீட்டைத் திருத்தப் பொருட்களும் இருந்தால் அந்த வீடு நகரத்தார் வீடாக உயரும். இப்போது அதில் பதினைந்து பேர். அவர்களுக்கு வாசனைத் திரவியமும் உடுப்பும் தவறணையும் தேவைப்படும். அதற்கு மேல் பெருவணிகர். வீட்டுக்கு இருபத்தைந்து பேரான அவர்களுக்குப் பாணும் பியரும் தோலாடையும் புத்தகமும் வேண்டும். உச்சியில் பிரபுக்கள். ஒரு வீட்டில் நாற்பது பேர். இறைச்சி, வைன், உரோம மேலாடை, சரிகைப்பட்டு, மூக்குக்கண்ணாடி என்று அவர்களுடைய பட்டியல் நீண்டது.

இதில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. ஒரு தேவை தடைப்பட்டால் மக்கள் சும்மா இருக்கமாட்டார்கள். முகம் வாடும், வரி குறையும், பிறகு வீட்டை விட்டே போய்விடுவார்கள். சனம் போனபின்தான், நகரத்தை நடத்தியது தன்னுடைய கெட்டித்தனமல்ல, அவர்களின் வரிதான் என்று விளையாடுபவருக்கு விளங்கும். வாசனைத் திரவியமோ தன் தீவில் விளையாது. கீழைத்தேசத் தீவில் தோட்டம் போட்டுக் கப்பலில் ஏற்றி வரவேண்டும். ஒரு வீட்டின் சமையலுக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எங்கள் மருமகன் வீட்டுச் சமையலறையில் கற்றுக்கொள்ளவில்லை, இங்கேதான் கற்றுக்கொண்டான்.

ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். விவசாயிக்கு உடுப்பு என்ற தேவையே இல்லை. நகரத்தார் ஆனபின்தான் அது பட்டியலில் வருகிறது. “அப்ப இந்தச் சனம் எதை உடுத்துது?” என்று கேட்டேன். “அது கேக்காது சின்னம்மா” என்றான். திரையிலுள்ள விவசாயிகள் உடுத்தியபடிதான் நடமாடுகிறார்கள். அவர்களுக்கு அது வேண்டும் என்பதை மட்டும் விளையாட்டு கணக்கில் எடுக்கவில்லை.

இந்த விளையாட்டு முதன்முதல் வெளியானது 2009 ஜூன் மாதத்தில். அந்த ஜூனில் நாங்கள் முகாமில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. இன்று விளையாடுகின்ற இதே பிள்ளை அப்போது அக்காவின் மடியில் கைக்குழந்தை. எங்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். குறை சொல்லவில்லை, அது உயிரைக் காத்தது. ஆனால் உடுத்த உடுப்போடு வந்த பெண்கள் இரவில் அதைத் தோய்த்து, ஈரம் காயமுன் விடியற்காலை உடுத்தினார்கள். எங்கள் கூடாரத்தில் மாதவிடாய் வருகின்ற வயதில் நான்கு பெண்கள். அம்மாவின் பருத்திச் சேலையொன்று அந்த மாதத்தில் துண்டு துண்டாகக் கிழிந்து தீர்ந்தது. ஆரோக்கியத் துவாய் வேண்டும் என்று போய் யாரிடம் கேட்பது? பங்கீடு கொடுக்கின்ற இடத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஆண்கள். யாரும் கேட்கவில்லை; யாரும் கேட்காததால் அப்படியொரு தேவை இல்லையென்றே எழுதப்பட்டிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ‘அடிப்படைத் தேவைகள்’ என்ற பாடம் வந்தது. கூம்பு போலப் படம் வரைந்து, கீழே உணவும் நீரும், மேலே மதிப்பும் மரியாதையும் என்று எழுதுவார்கள். கீழுள்ளது நிறைந்த பின்தான் மேலே என்பது அதன் பொருள். அம்மாவின் சேலை இந்தக் கூம்பில் எந்தத் தட்டில் வரும் என்று அப்போதே யோசித்திருக்கிறேன்.

தகுதிக்கேற்ற தேவை என்பது விளையாட்டுக்காரர்களின் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டில் உண்மையாகவே அப்படி ஒரு சட்டம் வந்தது. யார் எந்தத் துணி உடுத்தலாம், என்ன உண்ணலாம் என்று தரம் தரமாகப் பிரித்து அதில் எழுதினார்கள். ஏர் உழுபவர், மாடு ஆடு மேய்ப்பவர், நாற்பது சிலிங் பெறுமதியான உடைமைகூட இல்லாதவர் எல்லாம் முரட்டுக் கம்பளித் துணி மட்டுமே உடுத்தவேண்டும்.  காரணம் சுவாரசியமானது. 1348 - 49 காலத்துக் கொள்ளைநோயில் ஏராளமானோர் இறந்து போக, மிஞ்சியிருந்த கூலியாட்களுக்குக் கிராக்கி கூடியது. 1351இல் கூலியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டும் சரிவரவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் நல்ல துணி வாங்கினார்கள், மேலிடத்தாருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அந்த உடைச்சட்டம் இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை, 1365இல் நீக்கிவிட்டார்கள்.

உடுப்பு எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்கு முக்கியம். விளையாட்டில் சணல் தோட்டம் போட்டு நெசவுக்குடிசை ஒன்றைக் கட்டினால் துணி தானாக வரும். யார் நூற்றார்கள் என்று அது சொல்வதில்லை. மத்திய கால ஐரோப்பாவில் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். மணமாகாத பெண்ணைக் குறிக்கின்ற ஆங்கிலச் சொல்லே நூற்பவள் என்ற பொருளிலிருந்துதான் வந்தது. கிராமங்களில் பியர் வடித்து விற்றவர்களும் பெரும்பாலும் பெண்களே. அது பெருவியாபாரமாக மாறியபோது ஆண்களின் கைக்குப் போனது. எங்கள் பக்கத்துக் கைத்தொழில்களிலும் இந்தக் கதை நடக்கக் கண்டிருக்கிறேன். குடியானவன் தன் மகளுக்குக் கலியாணம் செய்யப் பிரபுவுக்குக் காசு கட்டவேண்டியிருந்தது. கணவனை இழந்தவளுக்கு, ஆங்கிலப் பொதுச்சட்டப்படி, அவனது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அவள் உயிரோடிருக்கும்வரை உரியது. விளையாட்டில் கணவனை இழந்தவள் இல்லை. எட்டுப் பேர், பதினைந்து பேர் என்ற எண்ணிக்கைதான். அந்த எட்டுப் பேரில் யார் உழைக்கிறார், யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பது கதவுக்கு உள்ளே நடப்பது.

இன்னொன்று. எல்லா வீடுகளையும் பிரபுக்கள் வீடாக உயர்த்த அந்த விளையாட்டு விடாது. கீழே இத்தனை வீடு இருந்தால்தான் மேலே இத்தனை வீடு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எவ்வளவு நன்றாக நடத்தினாலும் ஒரு பகுதியினர் விவசாயிகளாகவே, உடுப்புத் தேவையற்றவர்களாகவே இருக்கவேண்டும். மருமகன் இதை விதி என்று ஏற்றுக்கொண்டு விளையாடுகிறான். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் கோபம் வரும்.

மூக்குக்கண்ணாடி பிரபுக்களின் தேவையாக வருகிறது என்றேன். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் தோன்றிய பொருள் அது. தொடக்கத்தில் வசதியானவர்களுக்கும் படித்தவர்களுக்கும்தான் எட்டியிருக்கும். சென்ற ஆண்டு நாங்கள் வேலை செய்கின்ற கிராமம் ஒன்றில், தையல் மெசின் கொடுக்கப்பட்ட பெண்களில் ஒருவர் தைப்பதை நிறுத்திவிட்டார். ஐம்பது வயது கடந்தவர், பெண் தலைமைத்துவக் குடும்பம். அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து கதைத்தபோது, “பிள்ளை, எனக்கு ஊசிக்கண் தெரியேல்ல” என்றார். மெசின் பட்டியலில் இருந்தது, கண்ணாடி இருக்கவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுத்தபின் இப்போது பாடசாலைச் சீருடை தைக்கிறார். பேத்தியைத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர், இப்போது தானே வாசிக்கிறார்.

இப்போது எங்கள் படிவத்தில், கட்டங்களுக்குக் கீழே நான்கு வெற்று வரிகள் விட்டிருக்கிறோம். பெண்கள் தாங்களே எழுதலாம், எழுத முடியாவிட்டால் அவர்கள் சொன்னபடியே ஒரு பெண் உத்தியோகத்தர் எழுதவேண்டும். கடைசியாக வந்த படிவங்களில் இருந்தவை: கிணற்றடிக்கு ஒரு மறைப்பு. மகனின் படத்துக்கு ஒரு சட்டம். உட்பக்கம் பூட்டக்கூடிய கதவு. கோயிலுக்குக் கட்ட ஒரு நல்ல சேலை, நிறம் பச்சையாக இருந்தால் நல்லது.