ரெக்ஸின் வழிகாட்டிப் புத்தகம்

'டாய் ஸ்டோரி 2' படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ரெக்ஸ். பச்சை டைனோசர் பொம்மை, எதற்கெடுத்தாலும் நடுங்கும். படம் விண்வெளியில் தொடங்கும். விண்வெளி வீரன் பஸ் லைட்இயர், பேரரசன் ஸர்கின் கோட்டைக்குள் புகுந்து, கடைசியில் ஒரே அடியில் இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லாமல் போவான். அதற்குப் பிறகுதான் தெரியும், அது பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டியின் அறையில் ரெக்ஸ் ஆடிக்கொண்டிருக்கும் வீடியோ கேம் என்று. சுடுகிற பட்டனையும் தாவுகிற பட்டனையும் ஒன்றாக அமுக்கத் தன் குட்டைக் கைகளால் முடியவில்லை என்று ரெக்ஸ் புலம்பும்.

பிறகு ஒரு பெரிய பொம்மைக் கடையில் அந்த கேமுக்கான வழிகாட்டிப் புத்தகம் அதன் கையில் கிடைக்கிறது. ஸர்கை வெல்ல ரகசிய வழி ஒன்று இருப்பதாக அதில் போட்டிருக்கிறது. கௌபாய் பொம்மையான உட்டியைக் காப்பாற்றப் போகிற அவசரத்திலும் ரெக்ஸ் அதை விடாமல் படிக்கிறது. கடைசியில் லிஃப்டின் கூரை மேல் நிஜமான ஸர்க் பொம்மையே எதிரில் வந்து நிற்கிறது. அப்போது ரெக்ஸ் என்ன செய்கிறது? பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திரும்பிய வேகத்தில் அதன் வால் இடித்து ஸர்க் கீழே விழுந்துவிடுகிறான். புத்தகத்தில் இருந்த எந்த வழியும் உதவவில்லை. தனக்கென்று இருந்த வால்தான் உதவியது.

படத்தை ஒட்டி வரும் வீடியோ கேம்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் எனக்கு அந்த வால் நினைவுக்கு வரும். இத்தகைய கேம்களின் கையிலும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் இருக்கிறது: படத்தின் திரைக்கதை. அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும் இடங்களில் அவை தடுமாறுகின்றன. கீழே வைத்த இடங்களில் ஜெயிக்கின்றன.

அந்த இரண்டாம் பாகத்தை ஒட்டி 1999இல் டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் செய்த கேமையே பாருங்கள். முதல் லெவல் ஆண்டியின் வீடு. ஹாம் என்கிற உண்டியல் பன்றி 50 நாணயம் சேர்த்துத் தரச் சொல்லும். ஆட்டிடைச்சிப் பொம்மை போ பீப் தன்னுடைய ஐந்து ஆடுகளைத் தேடித் தரச் சொல்லுவாள். படத்தில் இப்படி ஒரு காட்சியும் கிடையாது. ஆனால் பொம்மையின் உயரத்திலிருந்து பார்த்தால் ஒரு வீடு எவ்வளவு பெரிது, ஒரு அலமாரியின் மேல்தட்டு எத்தனை தூரம் என்பதை அந்த ஆடு தேடும் வேலை நமக்குக் காட்டிவிடுகிறது. சுவரோரம் போனால் கேமரா சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2010 ஜூனில், படம் வெளியான அதே வாரத்தில், 'டாய் ஸ்டோரி 3' கேம் வந்தது. செய்தது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இருந்த அவலான்ச் சாஃப்ட்வேர். அதில் உட்டிக்குக் குரல் கொடுத்தவர், படங்களில் அதே குரலைத் தந்த டாம் ஹாங்க்ஸின் தம்பி ஜிம் ஹாங்க்ஸ். கண்ணை மூடிக் கேட்டால் அண்ணனா தம்பியா என்று சொல்வது கடினம். ரெக்ஸ் தோற்ற அந்த விண்வெளி கேமைக்கூட ஒரு லெவலாக வைத்திருந்தார்கள். நினைத்து நினைத்து மகிழ வேண்டிய காரியம் அது.

ஆனாலும் கதைப் பகுதி சின்னது. ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. மூன்றாம் படத்தின் உச்சம் எது? குப்பை எரிக்கும் உலையை நோக்கிச் சரிந்துகொண்டே, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தெரிந்ததும் பொம்மைகள் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொள்வது. அங்கே கட்டைவிரலுக்கு வேலை இல்லை. பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் கேம். எந்த நிறுவனம் எவ்வளவு திறமையோடு முயன்றாலும் கன்ட்ரோலருக்குள் வராத காட்சி அது.

படத்தை ஒட்டி வரும் கேம்கள் தடுமாற அவகாசக் குறைவும் ஒரு காரணம்தான். 1982இல் 'ஈ.டி.' படத்தை ஒட்டிய அட்டாரியின் கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறத்தாழ ஐந்து வாரத்தில் எழுத வேண்டியிருந்தது. கேம் உலகின் பெரிய தோல்விகளில் ஒன்றாக அது ஆனது. 'கோல்டன்ஐ' படம் 1995இல் வந்தது, கேம் 1997இல்தான் வந்தது. அதை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இப்போது 'டாய் பாக்ஸ்' பகுதிக்கு வருகிறேன். 'டாய் ஸ்டோரி 3' கேமில் கதையோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பகுதி அது. திறந்த வெளியில் ஒரு கௌபாய் ஊர். நீங்கள் உட்டி, அல்லது பஸ், அல்லது கௌகேர்ள் பொம்மை ஜெஸ்ஸி. ஹாம்தான் மேயர், வேலை கொடுப்பார், செய்தால் தங்கம் கிடைக்கும், தங்கத்தைக் கொடுத்துப் புதுப் பொம்மைகள் வாங்கலாம். வீடுகளுக்கு வண்ணம் பூசலாம், ஊர்க்காரர்களுக்கு உடை மாற்றலாம்.

என் அக்கா மகள் இதை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேயர் சொன்ன வேலை எதையும் அவள் உடனே செய்ததில்லை.

"ஏம்மா, மேயர் கூப்பிடுறாரே, போகலையா?" என்று கேட்டால், "இருங்க மாமா, இவருக்குத் தொப்பி சரியா இல்ல" என்பாள்.

தொப்பி மாறும். பிறகு அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரை மேல் நிறுத்துவாள். ஏன் என்று கேட்டால் அவர் ஊரைக் காவல் காக்கிறாராம். எதிர்வீட்டுக்காரருக்கும் அவருக்கும் சண்டையாம்; அதனால் எதிர்வீட்டின் வண்ணத்தையும் மாற்ற வேண்டுமாம். இவை எதையும் அந்த கேம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நடுவில் குதிரை வரும், வேற்றுக்கிரகத்து ஆள் வருவார், பேய்வீடு முளைக்கும். எதற்கும் அவள் காரணம் தேடவில்லை.

மூன்றாம் படத்தின் தொடக்கமும் இப்படித்தான். அநாதைக் குழந்தைகள் நிறைந்த ரயில், வெடிவைத்துத் தகர்த்த பாலம், பன்றி வடிவில் ஒரு விண்கலம். எல்லாம் சிறுவன் ஆண்டி தரையில் உட்கார்ந்து தானாகக் கட்டிய கதை. அந்த ரயிலை கேம் ஒரு லெவலாக அப்படியே எடுத்துவைத்தது; ஓடிப் பிடித்தால் முடிந்தது. ஆண்டியின் இடத்தில் நம்மை உட்காரவைத்தது டாய் பாக்ஸ்தான். திரைக்கதைக்கு வெளியே போய்த்தான் கேம் படத்துக்கு இவ்வளவு நெருங்கியது.

அவலான்ச்காரர்களும் இதை உணர்ந்திருந்தார்கள். டாய் பாக்ஸிலிருந்து வளர்ந்ததுதான் 2013இல் வந்த 'டிஸ்னி இன்ஃபினிட்டி'. நிஜப் பொம்மையைக் கடையில் வாங்கி ஒரு பீடத்தில் வைத்தால் அது திரையில் உயிர்பெறும். ஆனால் அதன் கதைப் பகுதிகளில், ஒரு படத்தின் பொம்மை இன்னொரு படத்தின் உலகத்துக்குள் நுழைய முடியாது. கலந்து ஆட அங்கேயும் டாய் பாக்ஸுக்குத்தான் போக வேண்டும். குழந்தை எந்த வீட்டில் பொம்மைகளை அப்படிப் பிரித்துவைத்து ஆடியிருக்கிறது? 2016 மே மாதம் டிஸ்னி அந்த வரிசையை நிறுத்தி, தன் கைவசம் இருந்த அவலான்ச் நிறுவனத்தையும் மூடியது. சுமார் 300 பேருக்கு வேலை போனது. அடுத்த ஆண்டு வார்னர் பிரதர்ஸ் அவலான்ச்சை வாங்கித் திரும்பத் திறந்தது.

பழைய பிளேஸ்டேஷன் 3 அல்லது எக்ஸ்பாக்ஸ் 360 உங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால், 'டாய் ஸ்டோரி 3' கேமின் வட்டை எங்காவது தேடிப் பிடியுங்கள். கதைப் பகுதி காத்திருக்கட்டும். நேராக டாய் பாக்ஸைத் திறந்து, கன்ட்ரோலரை ஒரு குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். மேயர் கூப்பிடுகிறார் என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.