திருகோணமலைக் கரையில் தேய்ந்த மைல்கள்

சென்ற கல்லூரி விடுமுறையில் நாம் குடும்பத்துடன் திருகோணமலைக்குச் சென்றிருந்தோம். காலையிற் சுவாமி மலை ஏறிக் கோணேசரைத் தரிசித்து, இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று கீழே நுரைத்த கடலைக் கண்டோம். பிறெட்றிக் கோட்டைக்குள் மேய்ந்து திரியும் மான்களைப் பிள்ளைகள் விட்டு வர மறுத்தார்கள். மாலையில் உவர்மலையில் வாழும் பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம்.

அவ்வீட்டு விறாந்தையில் அமர்ந்தால் உட்துறைமுகம் தாம்பாளத்தில் ஏந்திய நீர்போலத் தெரியும். குன்றுகள் சுற்றிக் காவல் நிற்க, நடுவே அலையடங்கிய நீலம். அக்கரையிலே சீனக்குடா. அங்கேதான் மா ஆலையும் விமானத்தளமும், மரங்களுக்கிடையே பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகளும் உள்ளன. அவை 99 என்று கணக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்தழிந்தது. 1957இல் பிரித்தானியக் கடற்படை வெளியேறிய பின், பல தாங்கிகள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றுள் 61 தாங்கிகளைச் சீர்செய்ய இலங்கையும் இந்தியாவும் உடன்பாடு கண்டது 2022 சனவரியிலேதான். சேமிக்கக் கட்டிய கலன்களே இத்தனை காலம் சேமிப்பின்றி நின்றன என்று நாம் வியந்தோம்.

நண்பர் சிரித்தார். “தம்பி, என்னிடமும் அப்படி ஒரு தாங்கி இருக்கிறது” என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து பளபளக்கும் அட்டையொன்றை எடுத்து வைத்தார். அது ஒரு விமானக் கம்பெனியின் உறுப்பினர் அட்டை.

நண்பர் கப்பற் பொறியியலாளராய் இருந்து இளைப்பாறியவர். சிங்கப்பூரில் ஒரு கப்பல், துபாயில் ஒரு கப்பல் என்று கப்பலேறுவதற்காகவே வானில் பறந்தவர். பறந்த தூரமெல்லாம் மைல்களாய் அவர் கணக்கிற் சேர்ந்தது. மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மனைவியுடன் இந்த மைல்களிலேயே போவதென்பது அவருடைய பல்லாண்டுத் திட்டம். சேர்ந்திருந்தவை 1,65,000 மைல்கள். பழைய அட்டவணைப்படி போய்வர ஒருவருக்கு 80,000. இருவருக்கும் போதும், மிச்சமும் உண்டு. ஆனால், அரங்கேற்ற நாள் குறித்தபின் கேட்டபோது, ஒருவருக்கே 1,40,000 என்றார்களாம். வரியும் எரிபொருட் கட்டணமும் காசாக வேறு!

“சேர்த்தவன் நான், விலை வைப்பவன் அவன்” என்றார் நண்பர்.

இது அவர் ஒருவரின் கதையன்று. 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இத்தகைய திட்டத்தைப் பெரிய அளவில் தொடங்கியபோது, அதன் நியாயம் எளிது. எப்படியும் வெறுமையாய்ப் பறக்கப் போகும் ஆசனத்தை, மீண்டும் மீண்டும் வரும் பிரயாணிக்குக் கொடுத்தாற் கம்பெனிக்குப் பெரிய நட்டமில்லை. பின்னர் வங்கிகள் நுழைந்தன. கடனட்டையிற் கடைச்சாமான் வாங்குவோருக்குக் கொடுப்பதற்காக, வங்கிகள் மைல்களை மொத்தமாக விலைக்கு வாங்கின. மைல்கள் பெருகின, வெற்று ஆசனங்கள் அவ்வாறு பெருகவில்லை. அரசாங்கம் நோட்டை அளவின்றி அச்சடித்தால் என்ன நேரும் என்பதைப் பொருளியல் படிக்கும் மாணவர் அறிவர்.

2015இல் டெல்ரா நிறுவனமும், 2019இல் யுனைற்றெட் நிறுவனமும் எவ்வூருக்கு எத்தனை மைல் என்ற நிலையான அட்டவணையையே நீக்கிவிட்டன. நாளுக்கும் நெரிசலுக்கும் ஏற்ப விலை ஏறி இறங்கலாயிற்று. மைல் சேரும் வழியும் மாறிற்று. பறந்த தூரத்துக்கன்றிக் கொடுத்த பணத்துக்கே புள்ளி என்றாயிற்று. ஏர் இந்தியாவும் 2024இல் அம்முறைக்கு மாறியது. மலிவுச் சீட்டில் நெடுந்தூரம் பறக்கும் எளியவருக்கு இதனால் இழப்பே. கம்பெனிகளுக்கோ இத்திட்டம் பொற்சுரங்கம். 2020இல் கொள்ளைநோய் வானை வெறுமையாக்கியபோது, யுனைற்றெட் தன் மைல் திட்டத்தையே ஈடுவைத்து 680 கோடி டாலர் திரட்டியது.

நமது நாட்டில் இன்னோர் இடியும் சேர்ந்தது. 2022இன் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபா அளவில் நின்ற நம் நாணயம், மே மாதத்தில் 360 வரை சரிந்தது. மைலிற் போதாததை ரூபாவில் வாங்கலாமென்றால், இளைப்பாறியவரின் கையிருப்பும் உருகிப்போயிருந்தது.

ஆகவே ஒரு சீட்டுத்தான். யார் போவது? வீட்டுக்கார அம்மையார், “நீங்கள் உழைத்த மைல், நீங்களே போங்கோ” என்கிறார். நண்பரோ, “நான் உலகமெல்லாம் பார்த்தவன். நான் கடலில் நின்ற காலமெல்லாம் பிள்ளையை வளர்த்தவள் அவள்தானே” என்று முடித்துவிட்டார். சீட்டு அம்மையாரின் பெயரிலே பதிவாகியிருந்தது.

வாசகர்களுக்கு, சிறப்பாக வெளிநாட்டுக்குப் படிக்கவும் உழைக்கவும் போகும் இளைஞர்களுக்கு, நாம் சொல்லக்கூடியது இதுதான். மைல் வங்கிப் பணமன்று. அதற்கு வட்டியில்லை, பல திட்டங்களில் ஆயுளும் குறிக்கப்பட்டிருக்கிறது. விதிகளை மாற்றும் உரிமையைக் கம்பெனி தன் கையிலேயே வைத்திருக்கிறது. பெற்றோரைப் பார்க்கச் சேர்த்த மைல்களை அடுத்த ஆண்டுக்கென்று ஒத்திவையாமல், போதுமானவை சேர்ந்தவுடன் பயன்படுத்துக. மைல் சேரவேண்டும் என்பதற்காக மேலதிக விலை கொடுத்துச் சீட்டு வாங்கற்க.

பேசிக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்தது. சீனக்குடாப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. அம்மையார் தேநீர் கொண்டுவந்து வைத்து, ரொறன்ரோக் குளிருக்கு எத்தனை கம்பளிச் சட்டை வேண்டுமென்று கணவரிடம் கேட்டார். நண்பர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். பின்பு அந்த அட்டையை எடுத்து, அம்மையாரின் கடவுச்சீட்டுக்குள் பத்திரமாய் வைத்தார்.