கடற்சாமந்திக்கு அன்னதானம்

அண்ணாமலையார் கோவிலருகே குடியிருக்கும் எங்களுக்குக் கடல் நெடுந்தொலைவு. ஆர்.ஓ. நீரில் கடலுப்புத் தூளைக் கரைத்து, ஒப்படர்த்தி 1.025 ஆகும்வரை அளந்து, கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடலைச் செய்துகொண்டோம். அதில் ஒரு கடற்சாமந்தி. பூவைப்போல் விரிந்தாலும் விலங்குதான்.

கிரிவலப் பாதையின் அன்னதானம் கண்டு வளர்ந்தவர்கள் அல்லவா? நாள்தோறும் இறால் ஊட்டினோம். உண்டதை மறுநாள் உமிழ்ந்தது. நீர் கெட்டது. பத்தாம் நாள் கூழாய்க் கரைந்துபோயிற்று. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டே அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன என்பதைப் பிறகுதான் படித்தறிந்தோம்.

இரண்டாவதற்கு நல்ல விளக்கு. வாரம் ஒருமுறை சுண்டைக்காயினும் சிறிய இறால் துண்டு. ஏழாம் மாதம் ஓரிரவு அது இருபுறமும் இழுபட்டுக் கிழியத் தொடங்கியது. இதையும் கொன்றுவிட்டோமோ என்று விழித்திருந்தோம். விடிந்தபோது பாறையில் இரண்டு சாமந்திகள். கிழிந்த வாய்கள் இன்னும் கூடவில்லை. ஆகவே இறால் தரவில்லை.