அளவு ஜாக்கெட்டின் வயது 11

என் அளவு ஜாக்கெட்டுக்கு வயது 11. தங்கை கல்யாணத்துக்குத் தைத்தது. அன்றிலிருந்து எந்தக் கடையில் துணி கொடுத்தாலும் கூடவே அதையும் கொடுத்துவிடுவேன். வாய்மொழியாகச் சில திருத்தங்கள் வேறு: இடுப்பில் ஒரு இஞ்ச் விடுங்க, கையில் அரை இஞ்ச் பிடிங்க, பின்கழுத்து கொஞ்சம் இறங்கட்டும். உடம்பு 11 வருஷத்தில் எங்கெங்கோ போய்விட்டது. ஜாக்கெட் அதே இடத்தில் நிற்கிறது. அதில் வலது தோள் நழுவும். அதைப் பார்த்துத் தைத்த எல்லா ஜாக்கெட்டிலும் வலது தோள் நழுவுகிறது. தைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடுத்ததை அப்படியே தைத்திருக்கிறார்கள்.

நானே தைத்துப் பார்க்கலாம் என்று போன வருஷம் ஒரு டம்மி, அதாவது தையல் பொம்மை, வாங்கினேன். கழுத்திலும் இடுப்பிலும் திருகு வைத்தது. திருகினால் உடம்பு பெருக்குமாம். பெருக்கத்தான் செய்தது. ஆனால் முன்பக்கம், பின்பக்கம், விலாப்பக்கம் என்று துண்டு துண்டாக விலகி நடுவில் இரண்டு விரல் சந்து விட்டது. மார்பின் முனைகள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் தள்ளிப்போயின. எந்தப் பெண்ணும் அப்படிப் பருப்பதில்லை.

மதுரை விளக்குத்தூண் பக்கம் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அதைத் தூக்கிப் பரண்ல போடுங்க. ஒருநாள் முழுசா வாங்க. உங்க உடம்புக்கு ஒரு பொம்மை செஞ்சு காட்டுறேன்" என்றார். தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குமேல் போனால் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று மறுநாளே போய்விட்டேன்.

செங்குத்தான படியேறிப் போனால் ஒரே அறை. ஜன்னலோரம் மூன்று மிஷின். நடுவில் கட்டிங் மேஜை, அதன் பின்னால் மாஸ்டர். தரையில் ஆரி ஒர்க் சட்டத்தைச் சுற்றி இரண்டு பெண்கள். கதவோரம் ஹூக் வைத்து ஹெம்மிங் பண்ணும் பெரியம்மா. மாஸ்டர் சின்ன வயதில் தொழில் கற்றது மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புதுமண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துத் தூண்களுக்கிடையே வரிசையாகத் தையல் மிஷின்கள் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. "அங்க டேப்பே தேவைப்படாது தாயி. ஆள் நடந்து வர்றப்பவே அளவு தெரிஞ்சுரும்" என்றார் மாஸ்டர்.

அக்கா டேப்பை எடுத்தார். திரைக்குப் பின்னால் நிறுத்தி, முதலில் இடுப்பில் ஒரு எலாஸ்டிக் நாடாவைக் கட்டினார். "பக்கவாட்டுல சாயுங்க." சாய்ந்தேன். நாடா தானாக மடிப்பில் போய் உட்கார்ந்தது. உடம்பு மடிகிற இடம்தான் இடுப்பு. நாம் இடுப்பென்று நினைத்துப் பாவாடை கட்டுகிற இடம் அதற்குக் கீழே. இடுப்பு வரையான நீளங்களெல்லாம் அந்த நாடாவை வைத்துத்தான் கணக்கு.

மார்பளவு 40 வந்தது. அக்கா அதோடு விடவில்லை. அக்குளுக்குக் கீழே விலாவில் இரண்டு பக்கமும் சாக்கால் கோடு போட்டு, கோட்டிலிருந்து கோட்டுக்கு முன்பக்கம் தனியாக, பின்பக்கம் தனியாக அளந்தார். முன்னே 22, பின்னே 18. "இன்னொரு 40 வருவாங்க. அவங்களுக்கு முன்ன இருபதரை, பின்ன பத்தொன்பதரை இருக்கும். முதுகு அகலம். ரெண்டு பேருக்கும் டேப்பு ஒரே நம்பர்தான் சொல்லும்." அடுத்து தோளிலிருந்து மார்பு முனை வரை, கடை வழக்கில் அது 'பாயிண்ட்'. பதினொன்று. என் பழைய ஜாக்கெட்டில் பத்து. "வயசாக ஆக பாயிண்ட் இறங்கும்கா. சுத்தளவு அப்படியே இருக்கும். மார்பு மடிப்ப, அதான் டாட்ட, பழைய இடத்துலயே பிடிச்சா மேல புடைச்சு, கீழ சுருங்கும்." கடைசியில் வலது தோள் இடதைவிட அரை இஞ்ச் தாழ்ந்திருந்தது. இருபது வருஷம் தோளில் மாட்டிய பையின் வேலை. நழுவலுக்குக் காரணம் இவ்வளவுதான்.

மூலையில் 34, 36, 38 என்று மூன்று டம்மிகள் நின்றன. 40-க்கு 38-ஐத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். 34-ஐ எடுத்தார். டம்மியில் சேர்க்கலாம், செதுக்க முடியாது. 38-இன் மார்பு முனை என் பாயிண்டைவிட மேலே இருக்கும். அதை இறக்க வழியில்லை. தோள், கழுத்து, முதுகு எல்லாம் நம்மைவிடச் சின்னதாக இருக்கும் பொம்மைதான் நம் உடம்பாக மாறும்.

பஞ்சு வைத்துத்தான் பொம்மையைப் பெருக்க வேண்டும். அதற்கு முன்னால், மேலே மாட்ட ஒரு உறை. காடா துணியில் பிரின்சஸ் கட் போட்டு மாஸ்டர் வெட்டிக்கொடுக்க, அக்கா அதை என்மேல் போட்டு, குண்டூசியால் பிடித்துப் பிடித்து உடம்போடு ஒட்டவைத்தார். பின்னால் ஜிப். பனியன் துணி வேண்டாம் என்றார். அது இழுபடும், பஞ்சு எவ்வளவு திணித்தாலும் வாங்கிக்கொண்டு பொய் சொல்லும். காடா இழுபடாது. அதிகமானால் விறைக்கும், குறைந்தால் சுருங்கும்.

பிறகு என்னிடமிருந்து ஒரு பழைய பிராவை வாங்கி டம்மிக்கு மாட்டினார். எந்தப் பிராவோடு ஜாக்கெட் போடுவோமோ அதே வகை. இல்லையென்றால் பாயிண்ட் மாறிவிடும். மாஸ்டர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விட்டார்.

பஞ்சு வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெத்தைக்குள் வைக்கும் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு. அக்கா அதைக் கத்தரியால் வெட்டவே இல்லை, கையால் பிய்த்தார். வெட்டினால் விளிம்பு படிபோல் நிற்கும், மேலே போடும் துணியில் கோடாகத் தெரியும். பிய்த்தால் ஓரம் மெலிந்து கரைந்துவிடும். முதலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு, பாயிண்டுக்குக் கீழே. அதன்மேல் அதைவிடப் பெரியது. அதையும் மூடிக்கொண்டு விலா வரை ஓடும் இன்னொன்று. ஒவ்வொன்றையும் ஊசி நூலால் இரண்டு தையல் போட்டு நிறுத்தினார். நான் ஆசையாக ஒரு கைப்பிடி எடுத்து நீட்டியதும் தடுத்தார். கால் இஞ்ச் கனத்தில் சுற்றிலும் வைத்தாலே சுற்றளவு ஒன்றரை இஞ்ச் கூடிவிடும். பஞ்சு பார்க்கக் கொஞ்சம்தான். டேப்பில் ஏறும்போது தெரியும்.

தோள் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். டம்மியின் வலது தோளை எப்படி இறக்குவார்? இறக்கவில்லை. இடது தோளில் அரை இஞ்ச் பேட் வைத்து ஏற்றினார். வயிற்றுக்குத் தொப்புளுக்குக் கீழே ஒரு பிறை, பின்கழுத்து எலும்புக்கு ஒரு சின்ன மேடு. உறையை இழுத்து ஜிப் போட்டு, சுருங்கிய இடத்தில் கைவிட்டு நிரப்பி, விறைத்த இடத்தில் பிய்த்தெடுத்து, மறுபடி டேப். முன்னே 22, பின்னே 18. கறுப்பு நாடாவால் நடுக்கோடு, மார்புக்கோடு, இடுப்புக்கோடு கட்டி, ஸ்டாண்டை என் உயரத்துக்கு ஏற்றினார். பக்கத்தில் போய் நின்றேன். "அச்சு அசல்" என்றார் பெரியம்மா. பாராட்டா என்று தெரியவில்லை.

டேப்பையும் டம்மியையும் உருவாக்கியவராகச் சொல்லப்படுபவர் ஒரே ஆள்தான்: பாரிஸ் தையற்காரர் அலெக்சி லவின்ய். 1841-இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் எஸ்மோட் என்ற பெயரில் நடக்கிறது. டேப் மட்டும் போதாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. பாரிஸின் பெரிய தையல் கூடங்களில் முக்கிய வாடிக்கையாளர்களுக்கு ஆளுக்கொரு டம்மியைப் பஞ்சு வைத்து வளர்த்து வைத்திருப்பது வழக்கம். அக்காவுக்கு இடமும் இல்லை, அத்தனை டம்மி வாங்கக் காசும் இல்லை. அவர் கண்ட வழி உறைதான். அலமாரியில் பஞ்சோடு சேர்த்து மடித்த உறைகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. சிங்கப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர், நேரில் வர முடியாத கல்யாணப் பெண்கள். பெயரைப் பார்த்துப் பஞ்சையும் உறையையும் மாட்டினால் பொம்மை அந்த ஆளாகிவிடும்.

இவ்வளவு மெனக்கெடல் ஏன் என்றேன். ஆரி சட்டத்தைக் காட்டினார். கழுத்தும் கையும் வரைந்து, துணியை இழுத்துக் கட்டி, மணியும் ஜரிகையும் வைத்து முடித்த பிறகுதான் வெட்டுவார்கள். நாலைந்து நாள் குனிந்து செய்த வேலை. அளவு தப்பினால் பிரிக்க முடியாது. அதனால் முதலில் காடாவில் ஒன்று தைத்துப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டில் கை வைப்பார்.

சாதாரண ஜாக்கெட்டுக்கு என்ன நஷ்டம்? அதற்கு மாஸ்டர் பதில் சொன்னார்: "ஆல்ட்ரு தாயி. தைக்கக் கூலி உண்டு. பிரிச்சுத் தைக்க எவ குடுப்பா? நீதான தப்பாத் தச்சன்னு கேப்பாக." பெரியம்மாவுக்கு இன்னும் மோசம். அவருக்கு பீஸ் கணக்கு. பிரித்து மறுபடி ஹூக் வைத்தாலும் அது ஒரு பீஸ்தான். ஆடியில் வேலை இருக்காது, ஐப்பசியில் ராத்தூக்கம் இருக்காது. கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார்.

சாயங்காலம் புறப்படும்போது என் அளவு ஜாக்கெட்டைப் பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். ஹூக்குகளைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, துணியை மிஷின் துடைக்க வைத்துக்கொண்டார்.

எல்லாரும் டம்மி செய்துகொள்ள வேண்டியதில்லை. அடுத்த முறை துணி கொடுக்கப் போகும்போது பழைய ஜாக்கெட்டை மட்டும் நீட்டிவிட்டு வராமல், வழக்கமாகப் போடும் பிராவோடு போய், வயிற்றை எக்காமல் பத்து நிமிஷம் நின்று அளவு கொடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பிரித்துத் தைக்க நேர்ந்தால், அதற்கும் கூலி கொடுங்கள்.